வலப்பக்கத்து மரம்: டேப்லெட்டில் வரைந்து உளியால் வெட்டிய ஒரு பித்தளைத் தகட்டின் நிகழ்வு ஆய்வு

கெடா மாநிலம் கூலிம் மாவட்டத்தில் உள்ள பாடாங் செராயில் என் தாய்மாமா 40 ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறை நடத்தி வருகிறார். ஊரார் அவரைப் பத்தர் என்றே அழைக்கிறார்கள். தாலிக்கும் காப்புக்கும் வெள்ளித் தட்டுக்கும் சித்திரம் வெட்டுவதும், சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவதும், கோயில் வேலுக்கும் குத்துவிளக்குக்கும் எழுத்துப் பொறிப்பதும் அவர் தொழில். நான் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் லேசர் குறியிடும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் 9 ஆண்டுகள் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு முதல் மாமாவோடு பட்டறையில் உட்காருகிறேன். டேப்லெட்டும் ஸ்டைலஸ் பேனாவும் பட்டறைக்குள் வந்தது என் வழியாகத்தான். அவற்றை முழுமையாக நம்பிச் செய்த முதல் பெரிய வேலையில் எது சரியாக நடந்தது, எது தவறியது, தவறியதற்குக் காரணம் என்ன என்பதை இதே தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

வேலை வந்த விதம்

பாடாங் செராயைச் சுற்றி இருந்த ரப்பர் தோட்டங்களில் பல இன்று செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன. ஹென்ரியேட்டா, விக்டோரியா என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகள் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அப்படிக் கலைந்த ஒரு தோட்டத்தின் மாரியம்மன் கோயிலை ஊர் ஓரத்தில் புது இடத்தில் கட்டி எழுப்பியவர்கள், பொருளாகவும் உழைப்பாகவும் கொடுத்த 62 குடும்பத் தலைவர்களின் பெயர்களை ஒரு பித்தளைத் தகட்டில் வெட்டித் தரும்படி மாமாவிடம் கேட்டார்கள். தகட்டின் அகலம் 400 மில்லிமீட்டர், உயரம் 280, கனம் 3. எடை 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மேலே மாவிலைத் தோரணம், நடுவில் இரண்டு பத்திகளாகப் பெயர்கள், இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகப் பால்மரம், அதாவது ரப்பர் மரம், என்பது அவர்கள் மனத்தில் இருந்த அமைப்பு. தோட்டம் போய்விட்டதால் மரமாவது தகட்டில் இருக்கட்டும் என்று கோயில் தலைவர் சொன்னார்.

இதை லேசரில் செய்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நாங்களும் அதை முதலில் எண்ணிப் பார்த்தோம். 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஃபைபர் லேசர் பித்தளையில் நன்றாகவே குறியிடும். பலமுறை ஓட்டினால் ஆழமாகவும் வெட்டும். ஆனால் கோயில் பித்தளையை வாரந்தோறும் புளி போட்டுத் துலக்குவார்கள் என்பதால், மேலோட்டமான குறி சில ஆண்டுகளில் மங்கிவிடும். அதைவிட முக்கியமான காரணம் எழுத்து. நாங்கள் விசாரித்த ஒரு கடையின் மென்பொருளில் தமிழை உள்ளிட்டபோது கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றன. ‘கோ’ என்பது மூன்று துண்டுகளாகி, நடுவில் ஒரு புள்ளிவட்டம் முளைத்தது. ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றிருந்தாலும், எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருள்கள் இயந்திரங்களோடு இன்னும் உலவுகின்றன. கையால் வரைந்த எழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது கோடாகவே பிறந்து கோடாகவே போகிறது. ஆகவே பேனாவால் டேப்லெட்டில் வரைவது, அச்செடுத்துத் தகட்டுக்கு மாற்றுவது, மாமாவின் உளியால் வெட்டுவது என்று முடிவாயிற்று.

முன்பெல்லாம் மாமா பென்சிலால் தாளில் வரைந்து, கார்பன் தாள் வைத்து, வெள்ளைப் போஸ்டர் வண்ணம் பூசிய தகட்டின் மேல் இழுப்பார். பிறகு ஊசியால் கீறிக்கொள்வார். 62 பெயர்களுக்கு அது ஒத்துவராது என்பதைப் பட்டியல் வந்த முதல் வாரத்திலேயே உணர்ந்தோம். ‘த/பெ’ போடுவதா வேண்டாமா, மறைந்தவருக்கு முன்னால் ‘அமரர்’ வர வேண்டுமா, அண்ணன் பெயருக்கு மேலே தம்பி பெயர் வரலாமா என்று பட்டியல் 11 முறை மாறியது. டேப்லெட்டில் ஒவ்வொரு பெயரும் தனி அடுக்கில் (லேயர்) இருந்ததால் இழுத்து வைப்பது சில நிமிட வேலையாக முடிந்தது. இந்த ஒரு வசதிக்காகவே டேப்லெட் தன் விலையை ஈட்டிவிட்டது என்பது என் கணிப்பு.

திரையின் அளவும் தகட்டின் அளவும்

எங்கள் டேப்லெட்டின் திரை 10.4 அங்குலம், 2000 × 1200 படப்புள்ளிகள். அதன் நீளம் ஏறத்தாழ 226 மில்லிமீட்டர். 400 மில்லிமீட்டர் தகட்டை முழுமையாகத் திரையில் காட்டினால் அது பாதியைவிடச் சற்றுப் பெரியதாக, நூற்றுக்கு 56 பங்காகத் தெரியும். 4 மில்லிமீட்டர் உயர எழுத்து அங்கே 2.3 மில்லிமீட்டராகச் சுருங்கும். அந்த அளவில் யாராலும் எழுத முடியாது. ஆகவே பெரிதாக்கித்தான் எழுதுவோம். பெரிதாக்கி எழுதும்போது ஒரு பெயர் திரை முழுவதும் நிறைந்து, ‘ன’வின் சுழிகள் சோழி அளவுக்கு விரிந்து அழகாகத் தெரியும். நான் அந்த அழகை நம்பினேன். எங்கள் முதல் தவறு அதில்தான் தொடங்கியது.

100 மில்லிமீட்டர் சதுரமான ஒரு சிறு தகட்டில் எட்டுப் பெயர்களைச் சோதனையாக வெட்டினோம். ‘ன’, ‘ண’, ‘ஞ’ ஆகிய மூன்றும் அடைபட்டன. ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ‘ன’ போலவே தெரிந்தன. ஒருவருடைய பெயரில் ‘ண’வும் ‘ன’வும் மாறித் தெரிவது அந்தக் குடும்பத்துக்குச் சிறிய விஷயமல்ல. பேரப்பிள்ளைகள் வந்து தாத்தாவின் பெயரைத் தேடும் இடம் இது.

காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது எளிதாகவே விளங்கியது. மாமா வழக்கமாகச் சித்திரத்துக்குப் பயன்படுத்தும் உளியின் முனைக் கோணம் 120 பாகை. அத்தகைய முனை 0.1 மில்லிமீட்டர் ஆழம் இறங்கினால் மேலே விழும் கோட்டின் அகலம் 0.35 மில்லிமீட்டர், அதாவது ஆழத்தைப்போல மூன்றரை மடங்கு. 4 மில்லிமீட்டர் எழுத்தில் சுழியின் வெளி விட்டம் ஒரு மில்லிமீட்டர்தான் வரும். இரண்டு பக்கமும் 0.35 போனால் உள்ளே மிஞ்சுவது 0.3. வெட்டும்போது ஓரத்தில் எழும் பிசிறு அதையும் தின்றுவிடுகிறது. 90 பாகை முனையாக இருந்தால் அதே ஆழத்துக்குக் கோட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர் மட்டுமே, சுழிக்குள் 0.6 மில்லிமீட்டர் வெளி கிடைக்கும். மாமாவுக்கு இந்தக் கணக்கு எண்ணாகத் தெரியாது, கையாகத் தெரியும், சோதனைத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எழுத்துக்கு ஒல்லி உளிதான்மா. நீ வரஞ்ச கோடு தடிமனா இருந்துச்சு, அதனால நான் தடிமன் உளி எடுத்தேன்” என்றார்.

அந்த வாக்கியம் எனக்குப் பல நாள் பாடமாயிற்று. பேனாவின் அழுத்தத்தை டேப்லெட் சில ஆயிரம் படிகளாக உணர்ந்து, அழுத்தம் கூடினால் கோட்டைத் தடிப்பாக்குகிறது. வெட்டுபவர் தடிப்பான கோட்டைப் பார்த்தால் ஆழமான வெட்டு என்று படிக்கிறார். நான் எழுதும் வேகத்தில் கை தானாக அழுத்திய இடத்திலெல்லாம் அறியாமலே அவருக்குக் கட்டளை போட்டிருக்கிறேன். 0.6 மில்லிமீட்டர் கோட்டை அகன்ற உளியால் வெட்ட 0.17 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். ஒல்லி உளியால் என்றால் 0.3 இறங்க வேண்டும், அது கைக்கு இரட்டை உழைப்பு. எனவே டேப்லெட்டில் வரையும் தூரிகைகளை மூன்றாகக் குறைத்தோம். எழுத்துக்கு அழுத்தத்தால் மாறாத 0.2 மில்லிமீட்டர் கோடு. இலை நரம்புக்கும் கொடிக்கும் 0.2 முதல் 0.4 வரை அழுத்தத்துக்கு ஏற்ப விரியும் கோடு. மரத்தின் வெளிக்கோட்டுக்கு 0.6. இவை மூன்றும் மாமாவின் மூன்று உளிகள் என்றே எங்களுக்குள் பெயர். நான்காவது தடிப்பு திரையில் எங்கும் இல்லாதபடி பார்த்துக்கொண்டோம்.

கோட்டின் தடிப்பை மில்லிமீட்டரில் தீர்மானித்த பிறகு படப்புள்ளி அடர்த்தியும் தானாகவே தீர்மானமாகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 0.2 மில்லிமீட்டர் கோட்டுக்கு இரண்டரைப் புள்ளிகூடக் கிடைக்காது, வளைவுகள் படிக்கட்டாகிவிடும். 600 என்றால் ஏறத்தாழ ஐந்து புள்ளிகள் கிடைக்கும். ஆனால் முழுத் தகட்டையும் 600இல் திறந்தால் 9449 × 6614 புள்ளிகள், ஒரு அடுக்குக்கே ஏறத்தாழ 250 மெகாபைட் என்றாகி எங்கள் டேப்லெட் திணறியது. தோரணம், பெயர்ப் பத்திகள், மரம் என்று தனித்தனிக் கோப்புகளாக வரைந்து கணினியில் சேர்த்தோம். சேர்த்ததற்குப் பயன்படுத்தியது இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப். அதில் படத்தைத் தானாகக் கோடாக மாற்றும் வசதியை நாடும்போது கவனம் வேண்டும்: வழக்கமான முறை ஒரு கோட்டை அதன் இரு ஓரங்களாகப் பார்த்து இரண்டு கோடுகளாக்கித் தரும். உளி ஒருமுறை போக வேண்டிய இடத்தில் இரண்டு தடம் இருந்தால் வெட்டுபவர் குழம்புவார். நடுக்கோட்டைத் தேடும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது நாங்கள் இறுதியில் செய்ததுபோலப் படத்தைப் படமாகவே விட்டுவிட வேண்டும்.

மாமாவின் கை

டேப்லெட்டில் மாமா வரைய மறுத்தார். கண்ணாடி வழுக்குகிறது, பேனா பிடியே இல்லாமல் ஓடுகிறது என்றார். அவர் சொன்னது சரி. மேலே சொரசொரப்பான ஒட்டுப்படலம் ஒன்று போட்ட பிறகு தாளின் பிடி ஓரளவு வந்தது. பேனா முனை சீக்கிரம் தேயும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. பட்டறையின் வெக்கையில் உள்ளங்கை வியர்த்துத் திரையில் ஒட்டுவதற்குச் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் மெல்லிய கையுறை உதவியது. இவ்வளவும் செய்தும் அவர் பேனாவைத் தொடவில்லை.

இரண்டு விரலை வைத்துத் திரையில் உள்ள படத்தையே சுழற்றலாம் என்பதை அவர் தற்செயலாகப் பார்த்த அன்று நிலைமை மாறியது. உளிக்காரர் வளைவை எப்படி வெட்டுவார் என்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அரக்குப் பலகையில் பதித்த வேலையை இடக்கை திருப்பிக்கொண்டே போகும். வலக்கையில் உளி ஏறத்தாழ ஒரே திசையில் நிற்கும். வளைவை உண்டாக்குவது திரும்பும் பலகைதான். தாளில் பென்சிலால் வரையும்போது மாமா தாளைத் திருப்பித் திருப்பி வரைவதை நான் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன், ஆனால் காரணத்தை நினைத்துப் பார்த்ததில்லை. அன்று அவர் டேப்லெட்டை மடியில் வைத்து, இடக்கை விரல்களால் படத்தைத் திருப்புவது, வலக்கையால் ஒரு சிறு வளைவு இழுப்பது, மீண்டும் திருப்புவது என்று ஒரு மாவிலையை முடித்தார்.

பேனா திரையில் இருக்கும்போது படம் சுழலாது என்பதால் அவருடைய கோடு ஒரே வீச்சாக வரவில்லை. துண்டு துண்டாகச் சேர்ந்து வந்தது. நான் அந்த இணைப்புகளைச் சரிசெய்ய முனைந்தபோது தடுத்துவிட்டார். அவர் பேனாவை எடுத்த இடங்கள்தாம் உளியை எடுத்து அடுத்த தள்ளுக்கு வைக்கும் இடங்கள். அந்த இடங்களில் கோடு சற்றே மெலிந்து மீண்டும் தொடங்குவதால்தான் கைவெட்டுக்கு அந்த உயிர்ப்பு வருகிறது. கோட்டைத் தானாக நயப்படுத்தும் வசதியை நான் அதிகம் வைத்து வரைந்த தோரணத்தையும், அவர் துண்டுதுண்டாக வரைந்த தோரணத்தையும் அருகருகே அச்செடுத்துப் பார்த்தோம். என்னுடையது வழவழப்பாக இருந்தது. ஆனால் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று உளிக்கு அது எதையும் சொல்லவில்லை. தகட்டில் வெட்டியது அவருடையதை.

அந்த நயப்படுத்தும் வசதி எழுத்துக்கு இன்னும் ஒவ்வாதது. அது மூலைகளை உருட்டிவிடுகிறது. ‘ட’வும் ‘ப’வும் கூர் இழந்து தொய்ந்துபோகின்றன. மெதுவாகச் சாய்வாக இழுக்கும் கோடுகளில் சிறு நடுக்கம் தெரியும் என்பதற்காகத்தான் பலர் அதை ஏற்றி வைக்கிறார்கள். சற்று வேகமாக இழுத்தால் நடுக்கம் தானே குறையும். கொடிக்கு அதை வைத்துக்கொள்ளலாம். எழுத்தின்போது அணைத்துவிட வேண்டும்.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது புள்ளியைச் சொல்லாமல் விட முடியவில்லை. மெய்யெழுத்தின் புள்ளியை உளியால் வெட்டுவதில்லை. கூர்முனைப் பொறியால் ஒரே தட்டாகத் தட்டுவார் மாமா. திரையிலும் நான் அதை வட்டமாக வரையாமல் ஒரே தொடுதலாக வைத்தேன். நம் பழைய கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் பெரும்பாலும் புள்ளி இட்டிருக்க மாட்டார்கள் என்பது தெரிந்ததே. கெடாவில் உட்கார்ந்து தகட்டில் தமிழ் வெட்டும்போது ஆனைமங்கலச் செப்பேடுகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை: கடாரத்து (கெடாவின் பழைய பெயர்) அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததைச் சொல்லும் 21 ஏடுகள் அவை, ராஜேந்திரன் காலத்தில் செம்பில் வெட்டப்பட்டு, பிற்காலத்தில் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தவை. புள்ளி இல்லாமல் படித்த வாசகர்கள் அன்று இருந்தார்கள். இன்று ஒரு புள்ளி விட்டுப்போனால் பெயரே வேறாகிவிடும் என்பதால் 62 பெயர்களின் புள்ளிகளையும் தனி அடுக்கில் வைத்து எண்ணிச் சரிபார்த்தோம்.

வலப்பக்கத்து மரம்

இனிச் சொல்லப்போவது இந்த வேலையின் பெரிய தவறு. அது முழுக்க என் பொறுப்பில் நடந்தது.

இடப்பக்கத்துப் பால்மரத்தைப் பழைய குடும்பப் புகைப்படம் ஒன்றைப் பார்த்து வரைந்தேன். மூன்று இலைகளாகப் பிரியும் கொத்துகள், அடிமரத்தில் பட்டை வெட்டிய பரப்பு, பால் வடியும் வெட்டுக்கோடு, கோட்டின் கீழ்முனையில் பால் பிடிக்கக் கட்டிய கிண்ணமான மங்கு எல்லாம் சரியாகவே வந்தன. வலப்பக்கத்துக்கு என்று தனியாக வரையாமல் சமச்சீர்க் கருவியைப் போட்டேன். ஒரு பக்கம் வரைவதை மறுபக்கம் கண்ணாடிப் பிம்பமாக வரைந்துகொடுக்கும் இந்த வசதி தோரணத்துக்கும் கொடிக்கும் மிக அருமையானது. அரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் முடிந்தது. முழுப் படத்தையும் கோயில் குழுவின் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். எல்லோரும் அவரவர் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், சரி என்றார்கள்.

அச்சில் ஒரு சிறு தடங்கல் வந்தது. ஏ3 தாளில் எடுத்த அச்சின் ஓரத்தில் நான் வரைந்து வைத்திருந்த 100 மில்லிமீட்டர்ச் சோதனைக் கோடு, எஃகு அளவுகோலில் 97 காட்டியது. தாளுக்குள் அடங்கும்படி சுருக்கும் அமைப்பு அச்சுப்பொறியில் இயல்பாகவே இருந்ததுதான் காரணம். அதை நீக்கி 100 விழுக்காட்டில் மீண்டும் எடுத்தோம். அந்தக் கோடு இல்லாதிருந்தால் 12 மில்லிமீட்டர் குறைந்த படம் தகட்டில் ஏறியிருக்கும். லேசர் அச்சின் மையை இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் தகட்டுக்கு மாற்றும்போது படம் திரும்பி விழும் என்பதால், அச்சை இடம்வலமாக மாற்றி எடுப்பதும் அவசியம். அதில் நான் தவறவில்லை. எழுத்து தலைகீழாகப் போகுமே என்ற பயத்தில் மூன்று முறை பார்த்தேன். பிம்பம் என்ற சொல் அவ்வளவு நேரம் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தும் மரத்தைப் பற்றி எனக்கு ஐயம் எழவில்லை என்பதை இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மாமா மரங்களின் வெளிக்கோட்டையும் வலப்பக்கத்து மரத்தின் மூன்று வெட்டுக்கோடுகளையும் வெட்டி முடித்திருந்த மாலையில், அந்தத் தோட்டத்திலேயே பிறந்து 30 ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய, அதாவது பாலுக்காகப் பட்டையைச் சீவிய, ஒரு பாட்டி, பேத்தியின் காப்பை வாங்கிப்போகப் பட்டறைக்கு வந்தார். தகட்டின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு வலப்பக்கத்து மரத்தின் மேல் விரலை வைத்து, “இந்த மரத்த யாரும்மா வெட்டுனது? கோடு எதிர்ப்பக்கமால்ல இறங்குது. மண்டோர் பாத்தா அன்னிக்குப் பேரே போட மாட்டாரு” என்றார். மண்டோர் என்பவர் தோட்டத்து மேற்பார்வையாளர்.

பால்மரத்தின் வெட்டுக்கோடு, மரத்தைப் பார்த்து நிற்பவருக்கு இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயுமாக, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் செங்குத்தாக இல்லாமல், மேலே போகப்போக 3 முதல் 5 பாகை வரை வலப்பக்கம் சாய்ந்திருக்கின்றன; இடமிருந்து வலமாக இறங்கும் கோடுதான் அவற்றில் அதிகமானவற்றை அறுக்கும், அதனால் பாலும் அதிகம் இறங்கும். பிம்பக் கருவி வரைந்த மரத்தில் கோடு வலமிருந்து இடமாக இறங்கியது. மங்கும் தவறான பக்கத்தில் தொங்கியது. அந்தக் கோயிலுக்கு வருபவர்களில் பாதிப்பேர் வாழ்நாள் முழுவதும் விடியற்காலையில் அந்தக் கோட்டை வெட்டியவர்கள், அல்லது அவர்கள் பெற்ற பிள்ளைகள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர்கள் கண்ணில் படும் இடத்தில் நாங்கள் அவர்களுடைய தொழிலைத் தலைமாற்றி வெட்டி வைக்க இருந்தோம்.

மாமாவின் தந்தையும் பால்மரம் வெட்டியவர்தான். மரத்தின் உயிர்ப்படலத்தைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு நிறுத்தத் தெரிந்த கை அவருடையது என்று மாமா சொல்வார். அப்படியிருந்தும் வெட்டும்போது தமக்கே தெரியாமல் போனதை அவர் என்மேல் சுமத்தவில்லை. தகட்டில் ஒட்டிய கோட்டின் மேல் உளியை வைக்கும்போது கண் கோட்டைத்தான் பார்க்கும், மரத்தைப் பார்க்காது என்றார். முன்பு தாளில் வரைந்த காலத்திலும் ஒரு பாதியை வரைந்து, தாளைக் கவிழ்த்து மறுபாதியை இழுப்பது வழக்கம்தான் என்பதால், இந்தத் தவறு டேப்லெட் இல்லாமலும் நடந்திருக்கும் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். வேறுபாடு ஒன்று உண்டு. தாளில் வரைந்த முழுப்படம் பட்டறைச் சுவரில் பல நாள் தொங்கும். வருவோர் போவோர் எல்லோரும் பார்ப்பார்கள். டேப்லெட்டில் வரைந்ததை யாரும் அதன் முழு அளவில் பார்க்கவில்லை. கைப்பேசியில் பார்த்தவர்களுக்கு வலப்பக்கத்து மரம் விரல்நகம் அளவு. அந்தப் பாட்டியிடம் கைப்பேசிக் குழுவே கிடையாது. முதலில் எழுத்தின் சுழி அடைபட்டதும், பிறகு மரத்தின் கோடு தலைமாறியதும் இரண்டு தவறுகள் போலத் தோன்றினாலும், படத்தை அதன் உண்மை அளவில் வைத்துப் பார்க்காமல் உளிக்குக் கொடுத்த ஒரே தவறின் இரண்டு விளைவுகள் என்றே நான் கருதுகிறேன்.

திருத்தமும் முடிவும்

வெட்டுக்கோடுகள் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருந்தன. கோட்டை மட்டும் சுரண்டினால் அங்கே குழி தெரியும் என்பதால், அடிமரத்தின் பட்டைப் பரப்பு முழுவதையும் மாமா சுரண்டியால் சிறிது சிறிதாக இறக்கி, 400, 800, 1200 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்து, மெருகேற்றினார். அதற்கு இரண்டு நாள் பிடித்தது. அடிமரத்தை நான் பிம்பம் இல்லாமல் மீண்டும் வரைந்தேன். கிளையும் இலையும் பிம்பமாகவே இருக்கட்டும் என்று விட்டோம். இரண்டு மரத்திலும் கோடு ஒரே பக்கம் இறங்குவதால் தகட்டின் சமச்சீர் சற்றுக் குலைகிறது. “ரெண்டு மரத்தையும் ஒரே ஆளு வெட்டுன மாதிரி இருக்கட்டும், அதுதான் அழகு” என்றார் மாமா; நானும் அதை ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை முழு அளவு அச்சைக் கோயிலுக்கே எடுத்துப்போய், பூசை முடிந்து அன்னதானம் நடக்கும் கூடத்துச் சுவரில் ஒட்டினோம். ஒரு வாரத்தில் மூன்று பெயர்த் திருத்தங்கள் வந்தன. மங்குக் கிண்ணத்தைத் தாங்கும் கம்பி இன்னும் சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் பென்சிலால் கோடிட்டுக் காட்டியிருந்தார். எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு பெயர்களை ஒல்லி உளியால் வெட்டி, கறுப்பு எனாமல் நிரப்பித் துடைத்தோம். இப்போது பட்டறைக்கு வரும் எந்த வேலைக்கும் உண்மை அளவு அச்சு சுவருக்குப் போகாமல் தகட்டுக்குப் போவதில்லை.

தகடு கோயிலில் ஏறிவிட்டது. நேராக நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. காலை வெயில் வாசல் வழியாகச் சாய்ந்து விழும் நேரத்தில் வலப்பக்கத்து மரத்தின் அடியில் மட்டும் பித்தளை சற்று உள்வாங்கியிருப்பது தெரியும். அதைக் கோயில் தலைவரிடம் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் தகட்டை ஒப்படைத்தோம்.